விளக்கு எரிந்தால் போதாது: பழைய ஜிப்ஸி வாங்கியவருக்கு முதல் இரண்டு மாதம்

வண்டி வாங்கிய பதினோராம் நாள், வேலூர் பக்கம் கணியம்பாடிக்கு உள்ளே தள்ளி ஓர் ஏரிக்கரைச் சேற்றில் என் மாருதி ஜிப்ஸி உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் இழுக்க வேண்டிய ஜீப் அது. டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு பளிச்சென்று எரிகிறது. அதற்கான கியர் கம்பி 4எல்-இல் (நாலு சக்கரம், குறைந்த வேகம்) இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின் சக்கரங்கள் மட்டும் குழி தோண்டுகின்றன. கரும்புத் தோட்டத்திலிருந்து டிராக்டர் கொண்டுவந்தவர் கயிறு கட்டுவதற்கு முன்னால் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், ஃபோர் வீலுன்னு சொல்றீங்க, முன் சக்கரம் சும்மா கீதே?"

அந்த இழுவைக்கு 500 ரூபாயும் ஒரு டீயும் செலவு. விஷயம் புரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. விளக்கு எரிவது டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது சக்தியை முன் பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டியில், இருக்கும் ஒரு சுவிட்சால். கம்பி எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சக்கரம் வரை சக்தி போகிறதா என்று சொல்ல அதற்கு வழியில்லை. விற்றவர் சொன்னதையும் விளக்கு சொன்னதையும் நம்பிக் கிளம்பியது என் தப்பு. முதல் பத்து நாளில் நான் செய்திருக்க வேண்டியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். என்னுடையது 2012 மாடல், எம்பிஎஃப்ஐ பெட்ரோல் எஞ்சின், கேன்வாஸ் கூரை. மகிந்திராவின் பழைய தார், மேஜர், எம்எம் 540 ஜீப் எது வைத்திருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் காகிதம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்து, கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான ஃபார்ம் 35. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குப் போட்டுவிட வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். தனியார் வண்டியின் பதிவு 15 வருடத்துக்கு. அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியை ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். ஜிப்ஸி 1985-இல் வந்து 2019-இல் நின்றுபோன வண்டி. சந்தையில் கிடைப்பதில் பல இந்த 15 வருடக் கோட்டைத் தாண்டியவை அல்லது அதை ஒட்டி நிற்பவை.

ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸ் நம்பரை வண்டியின் சேஸில் அடித்திருக்கும் நம்பரோடு நீங்களே எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். கம்பி பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், டார்ச் போதும்.

ஏலத்தில் வந்த பட்டாளத்து வண்டியென்றால் இன்னொன்று. அந்த ஆலிவ் பச்சை நிறத்தைத் தனியார் வண்டிக்கு அடிக்க மோட்டார் வாகன விதிகளில் அனுமதி இல்லை. "ஒரிஜினல் கலர் சார், அப்படியே வெச்சிருக்கோம்" என்று பெருமையாக விற்பார்கள். நிறத்தை மாற்றி, அதை ஆர்சியிலும் ஏற்றும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

கழுவி, காயவைத்து, கீழே படுங்கள்

எங்கள் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள். அங்கே ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் எனக்கு மாமா முறை. சர்வீஸில் பல வருடம் ஜிப்ஸி ஓட்டியவர். சேற்றுக் கதையைச் சொல்லப் போனேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "வண்டி நல்லாத்தான் கீது மாப்ள. கீழ படுத்துப் பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோணியை விரித்தார்.

வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கத்தை மட்டும் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். மேலே டீசல் தெளிக்க விடாதீர்கள். பளபளப்பில் கசிவு தெரியாது. ஒரு நாள் காயட்டும். பிறகு ஓர் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, சுத்தமான அட்டைப் பெட்டியைப் பிரித்து எஞ்சினிலிருந்து பின் ஆக்ஸில் வரை கீழே விரித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அட்டை கதை சொல்லும். எங்கே சொட்டியிருக்கிறதோ அதற்கு நேர் மேலே பாருங்கள். கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையோ சிவப்போ என்றால் கூலன்ட். சக்கரத்தின் உட்பக்கம் தண்ணீர் போல மெலிதாக இருந்தால் பிரேக் ஆயில். அது தெரிந்தால் வண்டியை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

கீழே படுத்துப் பார்க்க வேண்டியவற்றில் சேஸ்தான் முதல். கைப்பிடி அளவுள்ள சுத்தியலால் இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடம் சொத்தென்று கேட்கும். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். பத்து வருட வண்டிக்கு விற்பதற்கு முந்தைய வாரம் என்ன திடீர் அக்கறை? மேலே வந்து தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கேன்வாஸ் வண்டியில் மழைத்தண்ணீர் உள்ளே வந்து விரிப்புக்கு அடியில் தேங்கும். பாடியைச் சேஸோடு பிணைக்கும் ரப்பர் மவுண்டுகளைச் சுற்றியும் துரு பிடிக்கும்.

அடுத்து கமான் பட்டை. ஒரு பட்டையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்த இடத்தில் துருக்கோடு செங்குத்தாகத் தெரியும். நடு போல்ட் தேய்ந்திருந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருக்கும். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஜிப்ஸியில் இது 2375 மில்லிமீட்டர். இரு பக்கமும் ஒத்துவர வேண்டும்.

ஜிப்ஸியில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனிப் பெட்டி. நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட், அங்கிருந்து முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மூன்றையும் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். ஷாஃப்ட் முனையில் உள்ள கிராஸ் மூட்டு தேய்ந்திருந்தால் டக் டக் என்று ஆட்டம் கையில் தெரியும். டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்று ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. முதல் கியரில் கிளட்சை விடும்போது அடியில் டொம் என்று சத்தம் வந்தால், மெக்கானிக் "கிரவுன் போச்சு சார்" (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) என்று பெரிய செலவைச் சொல்வதற்குள் இந்த ரப்பர்களைப் பாருங்கள். என் வண்டியில் ஒன்று அறுந்தே போயிருந்தது.

எண்ணெய் எல்லாம் ஒரே நாளில்

விற்றவர் "போன மாசம்தான் சர்வீஸ்" என்று சொல்லியிருப்பார். இருக்கட்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் ஐந்தையும் இறக்கி மாற்றுங்கள். ஆயில் புதிதாவது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இதில் பெரிய லாபமாகத் தெரிவது பழைய ஆயில் சொல்லும் சேதி.

ஒரு விஷயம் கண்டிப்பாக: கீழ் நட்டைத் திறக்கும் முன் மேலே ஊற்றும் நட்டைத் திறந்து பாருங்கள். பழைய வண்டியில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். ஆயிலை இறக்கிவிட்டு, ஊற்ற வழியில்லாமல் முழிப்பது என்பது பல பேருக்கு நடந்த கதை.

ஒவ்வொன்றையும் தனித்தனி பழைய டப்பாவில் பிடித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். கீழ் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடும் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது. என் பின் ஆக்ஸிலிலிருந்து வந்தது பால் போட்ட காபி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்த ஆயில். அது எப்படிப் போகும்? ஓடிச் சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. மேலே உள்ள சுவாச வால்வு மண்ணால் அடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 2 மாதம் கழித்து பேரிங் கத்தும். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது ஆயில் ஊற்றி, 300 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இறக்கிப் பார்த்தேன். இரண்டாம் முறை தெளிவாக வந்தது.

நிரப்பும்போது பக்கத்தில் உள்ள துளையின் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். ஆயில் தரத்தைக் கடைக்காரர் வாய்ச்சொல்லில் வாங்க வேண்டாம், வண்டியின் கையேட்டைப் பாருங்கள். கியர்பாக்ஸுக்கு ஒரு தரம், ஆக்ஸிலுக்கு வேறு தரம் என்று இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவை ஊற்றுவது ஒர்க்ஷாப்புக்குச் சுலபம், அவ்வளவுதான்.

பிரேக் ஆயிலையும் இதோடு மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. ஈரம் கலந்த ஆயில் மலை இறக்கச் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலூருக்கான ரேடியேட்டர்

வேலூரைச் சும்மாவா வெயிலூர் என்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் பதினைந்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். ரேடியேட்டர் பலவீனம் அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய வண்டிக்காரர்கள் போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருப்பார்கள். நம் ஊர் போர் தண்ணீரில் குடத்தின் கழுத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து உள்ளே விரலை விடுங்கள். துருச்சேறோ வெள்ளைப் பொடியோ வந்தால் ரேடியேட்டரைக் கழற்றி ராடு அடிக்க (குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய) கொடுங்கள். மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். மூடி போனாலே கொதிக்கும். ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள், கரகரவென்றால் மாற்றுங்கள். கூலன்டைக் கலக்க டிஸ்டில்ட் வாட்டர்.

இதற்குப் பிறகு காலை 11 மணிக்கு மேல் ஒரு நாள் நெரிசலில் ஓட்டி, ஊசி எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம்தான் உங்கள் வண்டியின் இயல்பு. பின்னால் எப்போதாவது அதற்கு மேல் ஏறினால் உடனே கண்ணில் படும்.

சக்கரமும் ஸ்டியரிங்கும்

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. டயரில் பட்டன் (தேயாத மேல் வரிகள்) நிறைய இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். நிறுத்தியே வைத்திருந்த வண்டியில் டயர் தேயாது, ஆனால் வெயிலில் வெடித்திருக்கும். ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள். என்னுடையதில் ஸ்டெப்னி வண்டியோடு வந்ததாகவே இருந்தது.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்துவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போக வேண்டாம்), சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லையென்றால் கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு). இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் இருந்தால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனைகள். 50, 60 வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் உதறும் ஜிப்ஸிகளில் குறை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று, அல்லது வீல் பேலன்ஸ்.

ஸ்பேனரால் ஐந்து சக்கரத்தின் நட்டையும் நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டிவிடுங்கள். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டை நடுக்காட்டில் கழற்ற முடியாது.

நாலு சக்கரமும் இழுக்கிறதா

மாமா சொல்லிக்கொடுத்த சோதனை இது. பத்து நிமிட வேலை. முன் சக்கர நடுவில், சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் ஹப் லாக் உள்ள வண்டிக்கு.

சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும், கம்பி 2எச்-இல் (பின் சக்கரங்கள் மட்டும்). முன் இடது சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள். வலது தரையிலேயே இருக்கட்டும். இரண்டு ஹப்பையும் லாக்கில் திருப்புங்கள். இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் முன் ஷாஃப்ட்டும் கூடவே சுற்ற வேண்டும். ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, ஒருவர் ஷாஃப்ட்டைப் பார்க்கட்டும். ஹப்புகளை ஃப்ரீயில் போட்டால் சக்கரம் மட்டும் சுற்றும், ஷாஃப்ட் நிற்கும். பிறகு வலது பக்கத்தைத் தூக்கி இதையே செய்யுங்கள்.

என் வண்டியில் லாக்கில் போட்டும் ஷாஃப்ட் அசையவில்லை. கழற்றிப் பார்த்தால் வலது ஹப்பின் உள்ளே கிரீஸ் காய்ந்து அரக்கு மாதிரி இறுகியிருந்தது. வெளியே குமிழ் திரும்புகிறது, உள்ளே பல் சேரவில்லை. ஒரு ஹப் சேராததால் இரண்டு முன் சக்கரமும் செத்துப்போனது ஏன் என்று கேட்டேன். ஆக்ஸில் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல், சுலபமாகச் சுற்றுகிற பக்கத்துக்கே சுற்றைத் தள்ளிவிடும். வலது பக்கத்தில் சக்கரத்தோடு தொடர்பில்லாத வெறும் ஆக்ஸில் தண்டு கிடைத்ததும், எல்லாச் சுற்றும் அதற்கே போயிற்று. பெட்ரோலில் கழுவி, புது கிரீஸ் வைத்து மாட்டியதும் சரியானது. செலவு 200 ரூபாய்க்குள்.

இதே காரணத்தால் எல்லாம் சரியாக இருந்தாலும் நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும் என்று எண்ண வேண்டாம். ஜிப்ஸியின் இரண்டு டிஃபரன்ஷியலும் லாக் இல்லாதவை. மேடு பள்ளத்தில் குறுக்காக ஒரு முன் சக்கரமும் ஒரு பின் சக்கரமும் அந்தரத்தில் நின்றால், அவை இரண்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது. அந்த இடத்தில் ஆக்சிலேட்டரை மிதிப்பதால் பயனில்லை. இறங்கி, தொங்கும் சக்கரத்துக்கு அடியில் கல் அடுக்குங்கள்.

தார் ரோட்டில் 4எச் (நாலு சக்கரம், சாதாரண வேகம்) வேண்டாம். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான தூரம் போகின்றன. அந்த வித்தியாசத்தை விழுங்க நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. மண்ணில் டயர் வழுக்கிச் சமாளிக்கும், தாரில் ஷாஃப்ட்டும் பல்லும் முறுக்கிக்கொள்ளும், கம்பியை வெளியே எடுக்கவே வராது. அப்படி மாட்டினால் நேராகப் பின்னால் கொஞ்ச தூரம் எடுங்கள், முறுக்கு விடும். 4எல்-க்கு மாற்ற வண்டி நின்றிருக்க வேண்டும், கிளட்ச் முழுக்க மிதித்திருக்க வேண்டும்.

மாதத்தில் ஒரு முறையாவது மண்ணில் 4எச்-இல் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். ஓட்டாமலே வைத்ததால்தான் என் ஹப் இறுகியது.

முதல் மண்

பாலாறு வருடத்தில் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது. ஆசையாகத்தான் இருக்கும். இறங்காதீர்கள். ராத்திரியோ விடியலோ ஆற்றுக்குள் ஒரு ஜீப் நின்றால், மணல் அள்ள வந்தவன் என்றுதான் முதலில் நினைப்பார்கள். விளக்கம் சொல்லவே பாதி நாள் போகும். ஜவ்வாது மலைப் பக்கம், அமிர்தி பக்கம் காப்புக்காட்டுக்குள் வண்டிப்பாதை தெரிந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். தெரிந்தவர் பட்டா நிலம், அறுவடை முடிந்த கொல்லை, இது போதும். கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தனியாகப் போக வேண்டாம். இன்னொரு வண்டி வராவிட்டாலும் டிராக்டர்காரர் நம்பர் கையில் இருக்கட்டும். மணலில் காற்றைக் குறையுங்கள். 16 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் அகலமாகப் படர்ந்து மேலே மிதக்கும். திருப்பத்தில் வேகம் வேண்டாம், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தாருக்கு ஏறும் முன் காற்று அடித்தே ஆக வேண்டும் என்பதால் சின்ன பம்ப் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். மாட்டிக்கொண்டால் முன் சக்கரங்களை நேராக வைத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லையென்றால் உடனே நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுங்கள். இழுக்கும்போது கயிறு சேஸில் உள்ள கொக்கியில்தான், பம்பரில் கட்டவே கூடாது. நடுக்கயிற்றின் மேல் ஈரக்கோணி ஒன்றைப் போட்டால் அறுந்தாலும் முகத்துக்குப் பறந்து வரும் வேகம் குறையும். கயிற்றின் நேர் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

பிறகு மலை

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் நல்ல பள்ளிக்கூடம். தார் ரோடு, ஆகவே 2எச்சிலேயே போங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் வண்டியைத் தெரிந்துகொள்ள முடியும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் வண்டியைப் பிடிக்கட்டும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். பாதியில் நிறுத்தி சக்கரங்களின் பக்கத்தில் கையை வையுங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகக் காய்ந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெடல் ஒரு வளைவுக்கும் அடுத்ததுக்கும் ஆழமாகிக்கொண்டே போனால் ஓரம்கட்டி ஆறவிடுங்கள்.

மண் ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் புதியவர்கள் கிளட்சை மட்டும் மிதித்துவிடுவார்கள். வண்டி பின்னால் உருளும், குறுக்கே திரும்பும், கவிழும். பிரேக்கை இறுக மிதித்து, கைபிரேக் போட்டு, ரிவர்ஸ் கியர் போட்டு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நேராகப் பின்னால் இறங்குங்கள். இதைக் கொல்லையில் ஒரு சின்ன வரப்பில் இருபது முறை செய்து பார்த்துவிட்டுத்தான் நான் அணைக்கட்டு தாண்டி பீஞ்சமந்தை மலைப் பக்கம் போனேன்.

அதுவரை பெரிய டயர், தூக்கிய கமான், முன்னால் இரும்புக் கிராதி எதுவும் மாட்டாதீர்கள். கிராதிக்குச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. வண்டி எப்படி இருந்தது என்று தெரியாமல் மாற்றினால், புதுச் சத்தம் பழைய குறையா புதுச் சாமானா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நோட்டு

இதற்கு நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் தேதி, கிலோமீட்டர், என்ன செய்தேன். வலது பக்கம் என்ன கேட்டது, எங்கே, எந்த கியரில், சூடாகவா குளிராகவா. ஒர்க்ஷாப்பில் "ஏதோ சத்தம் வருது" என்றால் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். "மூன்றாம் கியரில் 40-இல் காலை எடுத்தால் மட்டும் பின்னால் ஊளையிடுகிறது" என்றால் நேராக அங்கே போவார்கள்.

என் நோட்டில் இன்று முடியாமல் இருப்பவை இரண்டு. பின் இடது கமானின் முனையில் உள்ள ஷாக்கிள் புஷ், காலை முதல் வேகத்தடையில் ஒரு கிறீச். மற்றது, முழு டேங்க் போட்ட அன்று மட்டும் வரும் பெட்ரோல் வாடை. டேங்க் வாய்க்குழாயின் ரப்பர் வெடித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறேன் என்றிருக்கிறார், டேங்கை இறக்கிப் பார்க்கப் போகிறோம். அதுவரை பாதிக்கு மேல் போடுவதில்லை.